முதல் கொப்புளத்தின் தேதி

வேலம்பாளையம்,
3-3-2025, திங்கள்

ஜோதிகாவுக்கு அக்கா செல்லத்தாய் எழுதுவது.

நல்லா இருக்கியா என்று கேட்கக்கூட எனக்கு அருகதை இல்லை என்று உன் மாமியார் நேற்றே சொல்லிவிட்டார்கள். அதனால் கேட்கவில்லை. காலையிலிருந்து பதினாறு தடவை போன் அடித்தேன். ஒரு மணி அடித்ததும் கட் ஆகிறது. உன் வீட்டுக்காரர் முனீஸ் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார் என்று வேன் டிரைவர் சுடலை சொன்னான். சரி, போனை அடைக்கலாம். நம் பனியன் கம்பெனி வேனை யார் அடைக்க முடியும்? தினமும் காலையில் தாராபுரத்தில் ஆள் ஏற்றி இங்கே வருகிறது, சாயங்காலம் அதே ஆட்களை இறக்கிவிடப் போகிறது. சுடலையிடம்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். "எக்கா, நான் வேன் ஓட்டுதேனா, தபால் ஆபீஸ் நடத்துதேனா?" என்று சலித்துக்கொண்டான். ஆனால் வாங்கிக்கொண்டான்.

ஏட்டி, ஒரு பிள்ளையின் கழுத்தில் நாலு கொப்புளம் தெரிந்தால் இப்படியா ஊரைக் கூட்டுவது? உனக்கு முதல் காப்பு, வேப்பங்காப்பு, நான்தான் போட்டேன். தாய் இல்லாத பிள்ளைக்குத் தாய் இடத்தில் நின்று போட்டேன். உன் கன்னத்தில் தடவிய சந்தனம் காய்வதற்குள் உன் மாமியார் மருதம்மாள் அத்தை என் பரணியின் சட்டைக் காலரை இழுத்துப் பார்த்து, "அம்மை போட்ட பிள்ளைய பிள்ளத்தாச்சி மடியில உக்கார வச்சிருக்காளே, இவ அக்காளா, சத்துருவா?" என்று கத்தினார்களே! பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து போனார்கள். எட்டு வயதுப் பிள்ளை, பாவாடையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வளைகாப்பு முடிந்து உன்னை என் வீட்டுக்குக் கூட்டி வருவதாக இருந்தேன். எனக்கும் உனக்கும் வேறு தாய்வீடு ஏது? வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

பரணிக்கு அம்மை போட்டிருப்பது உண்மை. ஆனால் அது நேற்றுத்தான் வந்தது. உங்கள் வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸில்தான் முதல் கொப்புளம் தெரிந்தது. பாதி வழியில் இறங்கித் திரும்பவா முடியும்? வேண்டுமென்றா செய்தேன்?

வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறேன். வீட்டில் தாளிப்பு இல்லை, வேலைக்கும் போகவில்லை. அம்மை வீட்டில் 'வாரேன்' என்று சொல்லி விடைபெறக் கூடாது என்பார்கள். அதனால் சொல்லாமலே நிறுத்துகிறேன்.

செல்லத்தாய்


தாராபுரம்,
4-3-2025, செவ்வாய், விடியற்காலை

அக்கா,

உன் கடிதம் நேற்றுச் சாயங்காலம் வந்தது. அத்தை அதை நேரே என் கையில் கொடுக்கவில்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்து, கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்துத்தான் கொடுத்தார்கள். பாதி எழுத்து கரைந்துவிட்டது. நான் தேடிய வரி கரையவில்லை.

உன் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். 'அது நேற்றுத்தான் வந்தது' என்ற இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் செக்கிங் டேபிளில் நாலு வருஷம் நின்றவள் நான். உன் ஓவர்லாக் மெஷினிலிருந்து வந்த பீஸில் ஒரு தையல் விட்டிருந்தாலும் இதே ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவேன். அக்கா என்று பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கவில்லை.

நேற்று முளைத்த கொப்புளம் எப்படி இருக்கும் தெரியுமா? கண்ணீர்த் துளி மாதிரி தெளிவாக இருக்கும். அத்தை காலரை இழுத்தபோது பரணியின் கழுத்தை நானும் பார்த்தேன். ஒன்று பால் மாதிரி கலங்கியிருந்தது. இன்னொன்று பொருக்குத் தட்ட ஆரம்பித்திருந்தது. அது ஒரு நாள் கொப்புளம் இல்லை. ஊரை ஏமாற்றலாம், செக்கிங் கண்ணை ஏமாற்ற முடியாது.

நேற்று முனீஸ் என்னை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். மாநிறமாக, குள்ளமாக ஒரு அம்மா. சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வயிற்றில் ஏழு மாதம் இருக்கும்போது புதிதாக அம்மை வந்தால் சாதாரணமாக விடாது, நுரையீரலில் இறங்கினால் தாய்க்கே ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்று சொன்னார். பிறகு இரண்டு கேள்வி கேட்டார்.

"கண்ணு, சின்ன வயசுல உனக்கு அம்மை வந்திருக்குதா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

வந்ததில்லை என்றேன். அம்மா அப்படித்தானே சொல்லுவாள்? 'பெரியவளுக்கு அம்மா முத்துப் போட்டா, சின்னவள அண்டவே இல்ல' என்று பெருமையாகச் சொல்லுவாள்.

"அந்தப் புள்ளைக்கு மொதக் கொப்புளம் என்னைக்கு வந்துச்சு? கொப்புளம் வர்றதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே அது அடுத்தவங்களுக்குத் தொத்தும். நீ அந்தப் புள்ளைகூட எப்ப மொதல்ல இருந்தயோ, அதிலருந்து பத்து நாளைக்குள்ள போட ஒரு ஊசி இருக்குது. கோயமுத்தூர்ல இருந்து வரணும். எனக்குத் தேதி சரியா வேணும்."

விரல் மடக்கி எண்ணிப் பார்த்தேன். வியாழக்கிழமை பிளவுஸ் அளவு பார்க்க உன் வீட்டுக்கு வந்து மறுநாள் காலை வரை தங்கினேன். பரணி என் மடியை விட்டு இறங்கவில்லை. உடம்பு சுணங்கியிருக்கிறது, பரீட்சைக்குப் படித்த களைப்பு என்றாய். அந்த வியாழக்கிழமையைக் கணக்கில் சேர்ப்பதா, வேண்டாமா? உனக்குத்தான் தெரியும்.

பரணிமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. உன்மேல் இருக்கிறது. அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். தேதியை மட்டும் எழுது.

ஜோதிகா


வேலம்பாளையம்,
4-3-2025, செவ்வாய்

ஜோதி,

நீ என்னை நம்பாமல் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பும் அளவுக்கு வந்துவிட்டாய். ஞாயிறு என்றால் ஞாயிறுதான். வளர்த்தவளிடம் கணக்குக் கேட்கும் அளவுக்கு

மேலே எழுதியதை அடித்துவிட்டேன். வேறு தாள் எடுக்கவில்லை. நீயும் பார்த்துக்கொள், உன் அக்கா எப்படிப்பட்டவள் என்று.

வெள்ளிக்கிழமை. பிப்ரவரி இருபத்தெட்டு. சாயங்காலம் அஞ்சு மணி.

நீ காலையில் கிளம்பிப் போனாய். சாயங்காலம் பரணியைக் குளிப்பாட்டினேன். முதுகில், தோள்பட்டைக்குக் கீழே ஒரே ஒரு துளி. தண்ணீர்தான் நிற்கிறது என்று கையால் வழித்தேன். போகவில்லை. அது என்ன என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். எனக்கே வந்த நோய், தெரியாமல் இருக்குமா? வேர்க்குரு, வேர்க்குரு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை காலையில் அது ஏழு கொப்புளம் ஆகிவிட்டது. காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தேன். ஞாயிறு காலையில், கம்பெனியில் குளிர்நாட்டு ஆர்டரில் மிஞ்சிய பீஸ் ஒன்று இருந்தது அல்லவா, கழுத்து மூடி, முழுக்கை வைத்தது, அதை மாட்டிவிட்டேன். மார்ச் மாத வெயிலில்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகச் சொல்லுவார்கள். நான் பனியன் துணியில் மறைத்தேன். பிள்ளைக்கு வேர்த்து ஊற்றியதைப் பார்த்துத்தான் உன் மாமியார் காலரை இழுத்தார்கள். அவர்களைத் திட்டினேனே, என்னைத்தான் திட்ட வேண்டும்.

ஏன் செய்தாய் என்று கேட்பாய். சொன்னால் அம்மை வீட்டு ஆள் வாசல் தாண்டக் கூடாது. வளைகாப்பு நிற்காது. உன் நாத்தனார் முதல் காப்பைப் போட்டிருப்பாள். அம்மா ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசினது உனக்குத் தெரியாது, உன்னை வெளியே அனுப்பியிருந்தோம். "அவளுக்கு வளைகாப்புன்னு ஒண்ணு வந்தா வேப்பங்காப்ப நீ போடு, வேற யாரும் போடக் கூடாது" என்றாள். அதை மட்டும் பிடித்துக்கொண்டேன். அம்மை பிள்ளத்தாச்சிக்கு இவ்வளவு ஆபத்து என்று சத்தியமாக எனக்குத் தெரியாதுடி. தீட்டு, குற்றம், பெரிசுகள் முகம் சுளிக்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். பரணியை யாரிடமாவது விட்டுவிட்டு வந்திருக்கலாம். விட்டால் லைன் வீடு முழுக்கத் தெரிந்துவிடுமே என்று கூட்டிவந்தேன். ஒரு பொய்க்குத் துணையாக எத்தனை!

அதனால் உன் வியாழக்கிழமையும் கணக்கில் சேரும். மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

முதல் கேள்விக்கு அம்மா சொன்னதுதான் பதில். எனக்கு அம்மை போட்டபோது எனக்கு ஒன்பது வயது, உனக்கு மூன்று. உன்னைத் தெருக்கோடியில் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள்.

பரணி கேட்கிறாள், "சித்தி பாப்பாவுக்கு என்னாலயாம்மா?"

செல்லத்தாய்


தாராபுரம்,
6-3-2025, வியாழன், விடியற்காலை

அக்கா,

படித்தேன். மூன்று தடவை படித்தேன். முதல் தடவை உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அத்தை உள்ளேயிருந்து "அப்படிக் கேளு" என்றார்கள். இரண்டாம் தடவை படிக்கும்போது அம்மா ஆஸ்பத்திரியில் சொன்ன இடத்தில் நின்றுவிட்டேன். மூன்றாம் தடவை கேலண்டரை எடுத்தேன்.

வியாழன் இருபத்தேழிலிருந்து பத்து நாள் என்றால் வருகிற சனிக்கிழமையோடு முடிகிறது. உன் 'நேற்றுத்தான்' என்ற பேச்சை நம்பியிருந்தால் அடுத்த செவ்வாய் வரை ஆற அமர இருந்திருப்போம். மூன்று நாளை நீ விழுங்கப் பார்த்தாய். இதை எழுதாமல் விட மனசு வரவில்லை.

நேற்றுக் காலையில் டாக்டரம்மாவிடம் தேதியைச் சொன்னேன். எழுதிக்கொண்டு, "இப்பத்தான் எனக்குக் கணக்கு சரியாகுது" என்றார். முனீஸ் கோயம்புத்தூருக்குச் சொல்லிவைத்துவிட்டார், ஊசி சனிக்கிழமை மத்தியானம் வந்துவிடும். அதற்குமுன் ரத்தம் எடுத்தார்கள். லேப்பில் தேஜஸ்ரீ என்று ஒரு பெண், என் வயசுதான் இருக்கும், கை நோகாமல் எடுத்தாள். நான் உட்கார்ந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். "உள்ளே வந்துவிட்டதா, இப்போது என்ன செய்துகொண்டிருக்கும்?" என்று கேட்டேன். அவளுக்கு வேலை குறைவாக இருந்தது போல, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"ஏனுங்க்கா, வந்திருந்தாலும் நம்ம உடம்பு சும்மா இருக்காதுங்க" என்று ஆரம்பித்தாள். வைரஸ் மூக்கு, தொண்டை வழியாகத்தான் நுழையுமாம். அது புகுந்த செல், தான் கெட்டுப்போவதற்குள் பக்கத்துச் செல்களுக்கு ஒரு ரசாயனத் தகவல் அனுப்புமாம். இன்டர்ஃபெரான் என்று அதற்குப் பெயர். தகவல் கிடைத்த செல்கள், வைரஸ் வந்தால் தங்களுக்குள் பெருக முடியாதபடி தயாராகிக்கொள்ளும். அதற்குள் காவல் செல்கள் வந்து, கெட்டுப்போன செல்களைக் கொன்று தின்னும். காய்ச்சலும் உடம்பு வலியும் பெரும்பாலும் வைரஸ் செய்வதில்லை, நம் ஆட்கள் வேலை செய்கிற சூடுதானாம். இத்தனை நாள் காய்ச்சலை எதிரி என்று நினைத்திருந்தேன்.

ஆனால் அந்த முதல் ஆட்களுக்கு வந்தவன் யாரென்று தெரியாது. யார் வந்தாலும் ஒரே அடிதான். அம்மை வைரஸுக்கென்றே அளவெடுத்த ஆன்டிபாடி செய்ய வேறு ஆட்கள் உண்டு. புது வைரஸ் என்றால் அவர்கள் செய்து முடிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். முன்பே ஒரு தடவை பார்த்த வைரஸ் என்றால், ரத்தத்தில் பழைய ஆன்டிபாடி ஏற்கனவே இருக்கும், மேற்கொண்டு செய்யவும் இரண்டு மூன்று நாள் போதும்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. "புது ஆர்டர் வந்தால் பேட்டர்ன் அட்டை வெட்டி, சாம்பிள் தைத்து, அப்ரூவல் வாங்கி, பிறகுதான் கட்டிங் போகும். ரிப்பீட் ஆர்டர் என்றால் பேட்டர்ன் ஆணியில் தொங்கும், மறுநாளே கட்டிங். அப்படியா?" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். "அப்படியேதானுங்க்கா. இனி எல்லாருக்கும் இதையே சொல்லிக்கறனுங்க" என்றாள்.

தேதி எதற்கு என்றும் சொன்னாள். நான் பரணியோடு இருந்து நேற்றோடு ஏழு நாள். ஏழு நாளில் புது ஆன்டிபாடி தயாராகி இந்த டெஸ்டில் தெரிய வழியே இல்லை. அதனால் ஐஜிஜி என்ற ஆன்டிபாடி இருப்பதாக வந்தால், அது பழசு, எனக்கு முன்பே அம்மை வந்திருக்கிறது என்று அர்த்தம். ஊசியே வேண்டாம். இல்லை என்று வந்தால் சனிக்கிழமை ஊசி. தேதி தெரியாமல் டெஸ்ட் எடுத்திருந்தால் பழசா புதுசா என்று குழம்பியிருப்பார்களாம்.

ஆனால் எனக்குத்தான் பேட்டர்னே இல்லையே அக்கா. என் ஆணி வெறும் ஆணி. நாளைச் சாயங்காலம் ரிசல்ட். பிள்ளை உதைக்கும்போதெல்லாம் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை முனீஸிடம்கூடச் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

பரணியிடம் சொல், அவளால் ஒன்றும் இல்லை.

ஜோதிகா


வேலம்பாளையம்,
6-3-2025, வியாழன்

என் ஜோதிக்கு,

சுடலை உன் கடிதத்தைத் தண்ணீர்க் குழாய்மேல் வைத்துவிட்டு, ஹாரன் அடித்துவிட்டுப் போனான். அங்கேயே நின்று படித்தேன். ரிப்பீட் ஆர்டர் என்ற இடத்துக்கு வந்ததும் குழாயடித் திண்டில் உட்கார்ந்துவிட்டேன். குடம் நிரம்பி வழிந்ததுகூடத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு மயிலாத்தாள் அக்கா, "ஏனுங் செல்லத்தாயி, ஊட்டுல எல்லாரும் சொகந்தானுங்க?" என்று பதறிவிட்டார்கள்.

நான் இருபத்திரண்டு வருஷமாக ஒருத்தரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. முந்தாநாள் நீ கேட்டபோதும் அம்மா சொன்னதையே எழுதினேன். மறைக்க வேண்டும் என்று இல்லை. சின்ன வயசில் செய்த திருட்டுத்தனம் ஒன்றுக்கும் உதவாது என்று விட்டுவிட்டேன். அது உதவும் என்று நீ எழுதினதைப் படித்த பிறகுதான் தெரிகிறது.

சங்கரன்கோவில் வீட்டில் எனக்கு அம்மை போட்டபோது உன்னைச் சித்தி வீட்டில் விட்டார்கள் அல்லவா? நீ அங்கே ஒரு வாய் சாப்பிடவில்லை. "எக்கா, எக்கா" என்று நீ அழுவது தெரு முழுக்கக் கேட்கும். அம்மா காலையில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாள். நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ, மத்தியானம் சித்தி அசந்து தூங்கிய நேரம், நான் பின்வாசல் வழியாகப் போய் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் வேப்பிலைப் படுக்கையில் என்னைக் கட்டிக்கொண்டு தூங்கினாய். சித்தி எழும்புவதற்குள் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். ஒரு நாள் இல்லைடி, மூன்று நாள் அப்படிச் செய்தேன். எனக்கும் நீ இல்லாமல் தூக்கம் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து உனக்கு லேசாகக் காய்ச்சல் வந்தது. அங்கங்கே மூன்று நாலு கொப்புளம். வெயில் கொப்புளம், பூச்சி கடித்தது என்று அம்மா சொன்னாள். சின்னப் பிள்ளைகள் சிலருக்கு இப்படிப் பேருக்கு வந்துவிட்டுப் போகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு மட்டும் உள்ளுக்குள் தெரியும். சொன்னால் விளக்குமாறு பிய்ந்துவிடும். வாயைத் திறக்கவில்லை.

உன் இடது காதுக்குப் பின்னால் ஒரு குழி இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் தெரியாது, முனீஸைப் பார்க்கச் சொல். பாசிப்பயறு அளவு. நான் உனக்குத் தலை பின்னும்போதெல்லாம் அதைத் தடவிப் பார்ப்பேன்.

ஜோதி, உன் ஆணி வெறும் ஆணி இல்லை என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுதுகிறேன். நான் சொன்னேன் என்று ஊசியை நிறுத்திவிடாதே. என் பேச்சை நம்பி ஒரு நாள் கெட்டது போதும். ரத்தம் சொல்லட்டும்.

அம்மனுக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா


தாராபுரம்,
8-3-2025, சனி, விடியற்காலை

அக்கா, அக்கா, அக்கா,

ஐஜிஜி இருக்கிறது! நிறைய இருக்கிறது! ஐஜிஎம் என்று ஒன்று உண்டு, இப்போது புதிதாக வந்திருந்தால் அதுதான் முதலில் தலைகாட்டுமாம். அது இல்லை. நேற்றுச் சாயங்காலம் ஆறு மணிக்கு ரிப்போர்ட் வந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஊசிக்காரனுக்குப் போனப் போட்டு வேண்டாம்னு சொல்லீருங்க. இந்தப் புள்ளைக்கு எப்பவோ வந்து போயிருக்குது" என்றார். முனீஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் அழுததை நான் பார்க்கவில்லை என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உன் கடிதம் அதற்கு முந்தின சாயங்காலமே வந்துவிட்டது. அத்தையே டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு என் காதுக்குப் பின்னால் பார்த்தார்கள். "இருக்குட்டி! இருக்கு! பாசிப்பயறேதான்!" என்று கத்தினார்கள். ஒரு நாள் முழுக்க அந்தக் குழியைத் தடவிக்கொண்டே ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். விரல் அதிலிருந்து எடுபடவில்லை.

இன்னொன்று கேள். தேஜஸ்ரீயிடம் உன் வேப்பிலைப் படுக்கைக் கதையைச் சொன்னேன். அவள் சொன்னாள், என் ரத்தத்தில் இருக்கிற இந்த ஆன்டிபாடி தொப்புள்கொடி வழியாக என் பிள்ளைக்கும் போகுமாம். பிறந்து சில மாதம் வரை அதுதான் அவனுக்கோ அவளுக்கோ காவல். நீ மத்தியானத் திருட்டில் எனக்குக் கொடுத்ததை நான் என் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் யாரும் இதைக் கேட்டுவிட்டு அம்மை போட்ட பிள்ளையோடு பிள்ளையைப் படுக்க வைக்கக் கூடாது, இப்போது தடுப்பூசி இருக்கிறது என்று அவள் விரலை ஆட்டிச் சொன்னாள். உனக்கும் சேர்த்துத்தான்.

கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. இரண்டு தடவை மறைத்திருக்கிறாய். ஒன்பது வயதில் மறைத்தது என்னைக் காப்பாற்றியது, முப்பத்தொன்றில் மறைத்தது என்னைக் கொல்லப் பார்த்தது. முதலாவதற்கு உன் கன்னத்தில் முத்தம், இரண்டாவதற்கு அதே கன்னத்தில் ஒரு அறை. இரண்டையும் நேரில் தருகிறேன்.

முனீஸ் பிளாக்கை எடுத்துவிட்டார். இருந்தாலும் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஜோதி


வேலம்பாளையம்,
8-3-2025, சனி

ஏட்டி ஜோதி,

வயிற்றில் பாலை வார்த்தாய்! போனில் உன் குரலைக் கேட்ட பிறகும் இந்தத் தாளை விடாமல் கையில் வைத்திருக்கிறேன். சத்தமாகப் படித்துக் காட்டினேன், பரணி கட்டிலில் எழுந்து நின்று கைதட்டினாள். "அப்ப சித்தி பாப்பாவுக்கு என்னால ஒண்ணும் ஆகலையா?" என்று நாலு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, ஒரு வாரமாகத் தொடாத இட்லியில் மூன்று சாப்பிட்டாள். முதல் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. பொருக்கு உதிர ஆரம்பித்திருக்கிறது.

அறையை எப்போது வேண்டுமானாலும் கொடு, கன்னத்தைக் காட்டிக்கொண்டு வருகிறேன். உன் மாமியார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன். அவர்கள் அன்றைக்குக் காலரை இழுக்காமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கும் வேர்க்குரு என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஒன்று மட்டும் கேட்க நினைக்கிறேன், கேட்க உரிமை இல்லை. நான் போட்ட வேப்பங்காப்பை அன்றைக்கே கழற்றி எறிந்துவிட்டார்களா?

அக்கா


தாராபுரம்,
24-3-2025, திங்கள்

அக்கா,

நேற்றோடு இருபத்தொரு நாளும் முடிந்தது. அதுவரை எதற்கும் கவனமாக இருக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு கொப்புளம் இல்லை, ஒரு காய்ச்சல் இல்லை. இன்று காலையில் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தோம். பிள்ளை நன்றாக இருக்கிறது, தலை கீழே திரும்பிவிட்டது.

அத்தை உன்னை வரச் சொல்கிறார்கள். எட்டாம் மாதம் அழைத்துப் போகக் கூடாதாம். ஒன்பது பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வா, பந்தி பாதியில் நின்றுபோனதால் அன்றைக்கு மறுபடி இலை போடப் போகிறார்களாம். பரணிக்குக் கை இல்லாத மெல்லிய சட்டையாகப் போட்டுக் கூட்டி வா. "பிள்ளைய ஒரு கத்துக் கத்திட்டேன், அவளுக்குப் பாவாடை எடுத்து வச்சிருக்கேன்" என்று அத்தையே சொன்னார்கள், உன்னிடம் எழுதச் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன்.

வேப்பங்காப்பைப் பற்றிக் கேட்டாய். அன்றைக்குச் சாயங்காலமே கழற்றச் சொன்னார்கள்தான். நான் கழற்றவில்லை. உன்மேல் அவ்வளவு கோபமாக இருந்தேன், ஆனாலும் கழற்றவில்லை. இலை எல்லாம் உதிர்ந்து வெறும் குச்சி வளையம்தான் இருக்கிறது, கண்ணாடி வளையலோடு உரசிக்கொண்டு.

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா என் பிரசவ ஃபைலைப் புதிதாக எழுதினார்கள். தாய்க்கு அம்மை வந்ததா? வந்தது. எந்த வருஷம்? இரண்டாயிரத்து மூன்று. தகவல் தந்தவர் யார் என்று கேட்டார்கள். செல்லத்தாய் என்றேன். "உங்களுக்கு என்ன உறவுங்க?" என்று பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அம்மா என்று சொன்னேன் அக்கா. அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

வாரேன்.

ஜோதி